கோலாலம்பூரிலிருந்து தொலைதூர நகரத்திற்கு: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் பிழையின்றிக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மா, லண்டனில் இருக்கும் மகளிடம் போவதற்கான பயணச்சீட்டை என் மேசையில் விரித்து வைத்து, "தம்பி, ராத்திரி பதினொன்றரைக்கு ஏறினால் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கிவிடுவேன். ஆறு மணி நேரம்தானே? சர்க்கரை மாத்திரை ஒரு வேளைக்குக் கைப்பையில் வைத்தால் போதுமல்லவா?" என்று கேட்டார். அந்தப் பயணம் பதினான்கேகால் மணி நேரம் நீள்வது. சீட்டில் அச்சிட்டிருந்த இரு நேரங்களும் சரியானவைதான். ஆனால் ஒன்று மலேசியக் கடிகாரத்தின் நேரம், மற்றொன்று பிரிட்டன் கடிகாரத்தின் நேரம் என்பதை அந்தத் தாள் அவருக்குச் சொல்லவில்லை.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பயணச்சீட்டு எடுத்துத் தரும் மேசையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் இளையோருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதும் என் பொறுப்பு. அவர்களில் பெரும்பாலோர் கூட்டல் கழித்தலில் தவறுவதில்லை. படிகளின் வரிசையை மாற்றுவதால்தான் தவறுகிறார்கள். நிலவரைபடத் தூரம், விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம், கடிகாரங்கள் காட்டும் நேரம், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் நேரம் ஆகிய நான்கும் தனித்தனிக் கணக்குகள். அவற்றைக் கீழ்க்காணும் வரிசையிலேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படுகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புறப்படும் விமான நிலையம், இறங்கும் விமான நிலையம் ஆகிய இரண்டின் மூன்றெழுத்துக் குறியீடுகள் முதலில் வேண்டும். கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையமாகிய கேஎல்ஐஏவுக்கு 'கேயூஎல்', பினாங்குக்கு 'பிஇஎன்', சென்னைக்கு 'எம்ஏஏ', லண்டன் ஹீத்ரோவுக்கு 'எல்எச்ஆர்' என்பன அவை. ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்து நிலையம் வேறாக இருக்கும் குழப்பத்தைக் குறியீடு மட்டுமே தீர்க்கும்.

அடுத்ததாக, அந்த இரு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும், பயணத் தேதியில் இரு ஊர்களின் கடிகாரங்களும் உலகப் பொது நேரமாகிய யூடிசியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்ற விவரமும், சைன், கொசைன் பொத்தான்கள் உள்ள ஒரு கணிப்பானும் தேவை. கைப்பேசியில் கணிப்பானைத் திறந்து கிடையாகத் திருப்பினால் பலவற்றிலும் அந்தப் பொத்தான்கள் தோன்றும்.

தேதியைக் குறிக்காமல் கணக்கைத் தொடங்க வேண்டாம். "லண்டனுக்கும் நமக்கும் எத்தனை மணி நேர வேறுபாடு?" என்ற கேள்விக்குத் தேதி இல்லாமல் விடை கிடையாது; காரணத்தை 5-ஆம் படியில் விளக்குகிறேன்.

2. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று முடிவு செய்தல்

'கோலாலம்பூர் முதல் லண்டன் வரை' என்று தேடினால் கிடைக்கும் எண், நகர மையத்திலிருந்து நகர மையத்திற்கான தூரமாக இருக்கலாம். விமானமோ கேஎல்ஐஏ இருக்கும் சிப்பாங்கிலிருந்து புறப்படுகிறது. நகரின் மைய இரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கும் கேஎல்ஐஏவுக்கும் இடையிலான இரயில் பாதையே 57 கிலோமீட்டர். லண்டன் பயணத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது என்றாலும், பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பறப்பது போன்ற குறுகிய பயணத்தில் அது கணக்கையே குலைத்துவிடும்.

லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எனப் பல நிலையங்கள் உள்ளன. நமக்கும் சிப்பாங் தவிர சுபாங் இருக்கிறது. எனவே இந்தப் படியில் குறியீட்டைத் தாளில் எழுதிவிட்டு, அதன் பின் ஊர்ப் பெயரைப் பயன்படுத்தாமல் குறியீட்டோடு மட்டுமே வேலை செய்வது நல்லது.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசம வடிவில் எழுத வேண்டும். கேஎல்ஐஏ வடக்கு 2.75, கிழக்கு 101.71. பினாங்கு விமான நிலையம் வடக்கு 5.30, கிழக்கு 100.28. சென்னை வடக்கு 12.99, கிழக்கு 80.17. ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45.

இங்கே புதியவர்கள் இரண்டு பிழைகளைத் தவறாமல் செய்கிறார்கள். முதலாவது, பாகை–நிமிட வடிவில் உள்ள எண்ணைத் தசமமாக எடுத்துக்கொள்வது. சென்னையின் 12 பாகை 59 நிமிடத்தை 12.59 என்று தட்டினால், நிலையம் ஏறக்குறைய 44 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். 59-ஐ 60-ஆல் வகுத்து 12.98 என்று எழுதுவதே முறை. இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. ஹீத்ரோ பூச்சியக் கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால் அங்கே இந்தப் பிழை வெளியே தெரியாது. மேற்கு 79.63-இல் உள்ள டொராண்டோவுக்கு அதே பிழையைச் செய்தால், கனடா நகரம் கசக்ஸ்தானில் போய் விழுந்துவிடும்.

3. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுதல்

பூமி உருண்டை என்பதால், இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி உருண்டையின் மேற்பரப்பை ஒட்டி வளைந்து செல்லும் பெருவட்டப் பாதையாகும். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளப்பவர்களுக்கு இது புலப்படுவதில்லை. டொராண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கேஎல்ஐஏவின் கிழக்கு 101.71-உம் டொராண்டோவின் மேற்கு 79.63-உம் சேர்ந்தால் ஏறத்தாழ 181 பாகை வருகிறது. அதாவது இரண்டும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஆகவே இங்கிருந்து டொராண்டோவுக்கான மிகக் குறுகிய வழி கிழக்கிலோ மேற்கிலோ அமையவில்லை. நேர் வடக்கே வட துருவத்தின் அருகே ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 14,850 கிலோமீட்டர். வகுப்பில் ஒரு கோள உருண்டையும் ஒரு நூலும் கொடுத்து இதை இழுத்துப் பார்க்கச் சொல்வேன். அதைப் பார்த்த பிறகு எவரும் தட்டை வரைபடத்தில் அளவுகோலை வைப்பதில்லை.

கணக்கு இப்படிப் போகும். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஓரிடத்தில் எழுதுங்கள். இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன் மதிப்பையும் பெருக்கி இன்னோரிடத்தில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் நேர்மாறு கொசைனை, அதாவது அதையே கொசைன் மதிப்பாகக் கொண்ட கோணத்தைக் கண்டால், இரு நிலையங்களுக்கும் இடையிலான கோணம் பாகையில் கிடைக்கும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால், ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் தூரம் வந்துவிடும்.

கேஎல்ஐஏ–சென்னை வழித்தடத்தில் இதைச் செய்து பார்ப்போம். சைன் மதிப்புகள் 0.0480, 0.2248, அவற்றின் பெருக்கல் 0.0108. கொசைன் மதிப்புகள் 0.9988, 0.9744, தீர்க்கரேகை வேறுபாடாகிய 21.54 பாகையின் கொசைன் 0.9302, மூன்றின் பெருக்கல் 0.9053. கூட்டினால் 0.9161, அதன் நேர்மாறு கொசைன் 23.64 பாகை. அதை 111.2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர்.

இதே முறையில் கேஎல்ஐஏ–ஹீத்ரோ ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர் வரும். பினாங்கு–சென்னை 2,365, பினாங்கு–கேஎல்ஐஏ 325. இந்த நான்கு எண்களையும் நீங்களே கணக்கிட்டு எடுத்துப் பார்த்த பிறகு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

விடை பொருத்தமில்லாமல் வந்தால், கணிப்பான் பாகையில் இருக்கிறதா, கோணத்தின் மற்றோர் அலகாகிய ரேடியனில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கணினியின் விரிதாள்கள் கோணத்தை ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே ஒவ்வொரு பாகை எண்ணையும் 0.017453-ஆல் பெருக்கிய பிறகே சைன், கொசைன் காண வேண்டும். கோணத்திற்கான விடையும் ரேடியனில்தான் வரும். அதை 6,371-ஆல் பெருக்கினால் போதும்.

அலகையும் கவனியுங்கள். விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பயணிகளுக்கான பக்கங்களில் வரும் மைல் பெரும்பாலும் தரை மைல், அது 1.609 கிலோமீட்டர். ஹீத்ரோவுக்கான தூரம் கடல் மைலில் ஏறத்தாழ 5,725 என்றும், தரை மைலில் ஏறத்தாழ 6,590 என்றும் வரும். எண்ணோடு அலகையும் எழுதும் பழக்கம் இல்லாதவர்கள், இந்த இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்று தவறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

4. தூரத்திலிருந்து விமான நேரத்தை மதிப்பிடுதல்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்பது பாதி உண்மை. நீண்ட தூரம் பறக்கும் அகல உடல் விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டரும், சென்னை வழித்தடத்தில் பறக்கும் ஒற்றை நடைபாதை விமானங்கள் ஏறத்தாழ 830 கிலோமீட்டரும் செல்கின்றன. ஆனால் பயணச்சீட்டில் அச்சாகும் நேரம், விமானம் புறப்பாட்டு வாயிலிலிருந்து நகரத் தொடங்குவது முதல் சேருமிடத்தின் வாயிலில் நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், வரிசையில் காத்திருத்தல், ஏறுதல், இறங்குதல் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆகவே வகுத்து வந்த நேரத்தோடு 40 நிமிடம் சேர்க்கும்படி நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

சென்னைக்கு 2,630-ஐ 830-ஆல் வகுத்தால் 3.17 மணி. இது 3 மணி 17 நிமிடம் அல்ல. தசமப் பகுதியாகிய 0.17-ஐ 60-ஆல் பெருக்கினால்தான் நிமிடம் கிடைக்கும், 10 நிமிடம். நாற்பதைச் சேர்த்தால் 3 மணி 50 நிமிடம். இந்த வழித்தடத்தின் அட்டவணை நேரம் ஏறத்தாழ 4 மணி என்பதால் மதிப்பீடு நன்றாகவே பொருந்துகிறது. தசம மணியை நிமிடமாகப் படிக்கும் பிழையை, நன்றாகப் படித்து வந்தவர்களிடமும் பார்க்கிறேன்; எனவே மணியையும் நிமிடத்தையும் தனித்தனிக் கட்டங்களில் எழுத வைக்கிறேன்.

லண்டனுக்கு அதே முறையில் 10,600-ஐ 900-ஆல் வகுத்தால் 11.78 மணி, அதாவது 11 மணி 47 நிமிடம். நாற்பதைச் சேர்த்தால் 12 மணி 27 நிமிடம். அட்டவணையிலோ மேற்கு நோக்கிய பயணம் 14 மணியை ஒட்டி இருக்கிறது. விடுபட்ட அந்த ஒன்றரை மணிக்கும் மேற்பட்ட நேரத்திற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று காற்று. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வலிமை கூடும். பயணத்தில் 4,000 கிலோமீட்டருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், விமானத்தின் தரைவேகம் 900-இலிருந்து 800-ஆகக் குறைகிறது. 4 மணி 27 நிமிடத்தில் கடக்க வேண்டிய பகுதி 5 மணி நேரமாகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் நேரம் போகும் நேரத்தைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான். போகும் நேரத்தையே வரும் நேரமாக எழுதிவிடக் கூடாது.

மற்றொன்று வழி. பெருவட்டம் என்பது கணக்கில் உள்ள கோடு. விமானம் அனுமதி கிடைக்கும் வான்வெளியில்தான் பறக்க முடியும். 2014 ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரைன் மீது சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். மலேசியர் எவருக்கும் அதை நினைவூட்டத் தேவையில்லை. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. போர்ப் பகுதிகளைச் சுற்றிச் செல்லும் ஒவ்வொரு வளைவும் தூரத்தையும் நேரத்தையும் கூட்டும். பெருவட்டத் தூரத்தை விமானம் உண்மையில் பறந்த தூரம் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். அது அதற்குமேல் குறைய முடியாத தூரம், அவ்வளவே.

இந்தப் படியின் விடையை மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு கையில் இருந்தால், உண்மையான நேரத்தை அடுத்த படியில் சீட்டிலிருந்தே எடுக்கலாம். அந்த விடை சரியா என்று சோதிக்க இந்த மதிப்பீடு உதவும்.

5. சீட்டில் உள்ள கடிகார நேரங்களிலிருந்து உண்மையான நேரத்தை எடுத்தல்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுவே. சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். வேறு வேறு கடிகாரங்களின் நேரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது. எனவே இரண்டையும் முதலில் யூடிசிக்கு மாற்றி, அதன் பிறகே கழிக்க வேண்டும்.

மலேசிய நேரத்திலிருந்து 8 மணி கழித்தால் யூடிசி. இந்திய, இலங்கை நேரங்களிலிருந்து 5 மணி 30 நிமிடம் கழிக்க வேண்டும். துபாய் நேரத்திலிருந்து 4 மணி. பிரிட்டனில் குளிர்கால நேரமே யூடிசி. கோடைகாலத்தில் ஒரு மணி கழிக்க வேண்டும்.

கிள்ளான் அம்மாவின் சீட்டைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை 23:30 கோலாலம்பூர். 8 கழித்தால் வெள்ளி 15:30 யூடிசி. சனிக்கிழமை 05:45 லண்டன், குளிர்காலம், அதுவே யூடிசி. வெள்ளி 15:30 முதல் சனி 05:45 வரை 14 மணி 15 நிமிடம். சென்னைக்கு ஒன்று: புறப்பாடு 09:15 மலேசிய நேரம், அதாவது 01:15 யூடிசி, வருகை 10:45 இந்திய நேரம், அதாவது 05:15 யூடிசி, பயணம் 4 மணி. சீட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது ஒன்றரை மணி நேரப் பயணமாகத் தோன்றும்.

'வேறுபாடு எட்டு மணி, கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா?' என்று மனத்தில் தடவிக்கொண்டே செய்பவர்கள், பாதி முறை எதிர்த்திசையில் செய்துவிடுகிறார்கள். யூடிசி வழியாகப் போனால் அந்தக் கேள்வியே எழாது. நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டுக்கும் கழித்தல்தான். ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருப்பது மட்டுமே அதற்கான விலை.

பிரிட்டனின் கடிகாரம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு மணி முன்னே நகர்ந்து, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று திரும்பி வருகிறது. எனவே நமக்கும் லண்டனுக்கும் உள்ள வேறுபாடு குளிர்காலத்தில் 8 மணி, கோடையில் 7 மணி. டொராண்டோவில் அந்த மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் நிகழ்கிறது. டொராண்டோவுக்கான வேறுபாடு 13 மணியாகவும் 12 மணியாகவும் மாறும். பள்ளி விடுமுறைக்காகப் பல மாதங்களுக்கு முன்பே சீட்டு எடுப்பவர்கள், எடுக்கும் நாளின் வேறுபாட்டைப் பயண நாளுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நாம் கடிகாரத்தை நகர்த்தாத நாட்டில் வாழ்வதால் இந்தப் பிழை நமக்கு இயல்பாகவே வருகிறது. தேதி முக்கியம் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகவே.

தீர்க்கரேகையை 15-ஆல் வகுத்து நேர வேறுபாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று பள்ளியில் படித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கேஎல்ஐஏவுக்கும் சென்னைக்கும் 21.54 பாகை வேறுபாடு. அந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 1 மணி 26 நிமிடம் வர வேண்டும். கடிகாரங்களோ 2 மணி 30 நிமிடம் விலகியுள்ளன. தீபகற்ப மலேசியா 1982-இலிருந்து, தன் தீர்க்கரேகை சொல்லும் நேரத்தைவிட ஒரு மணிக்கும் மேல் முந்திய கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. கடிகார வேறுபாட்டை அரசுகள் முடிவு செய்கின்றன. அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், கணக்கிட்டு எடுக்க முடியாது.

இந்திய நேரத்தின் அரை மணியை விரிதாளில் 5.30 என்று தட்டும் பழக்கமும் உண்டு. விரிதாளுக்கு அது 5 மணி 18 நிமிடம், 5.5 என்றே தட்ட வேண்டும்.

இனி நள்ளிரவு. சென்னையிலிருந்து ஞாயிறு 00:15-க்குப் புறப்படும் விமானத்திற்கு, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் திருமணத்திற்குப் போய்விட்டு, ஞாயிறு இரவு சாமான்களோடும் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையோடும் நிலையத்திற்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய விமானம் அதற்கு முந்தைய இரவே போயிருந்தது. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தபோது தேதியை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்று முதல், 00:00-க்கும் 03:00-க்கும் இடையில் புறப்படும் ஒவ்வொரு சீட்டின் மேலும் 'சனி இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்' என்பது போல முந்தைய நாளின் பெயரைச் சிவப்பு மையால் எழுதித் தருகிறேன்.

6. இடைமாற்றம் இருந்தால்

ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியாக நேர வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கூட்டுவது வீண் வேலை. தவறுக்கும் வழி வைக்கும். முதல் புறப்பாட்டையும் கடைசி வருகையையும் யூடிசிக்கு மாற்றிக் கழித்தால், மொத்த நேரம் ஒரே கழித்தலில் கிடைக்கும். இடையில் காத்திருக்கும் நேரத்தை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அங்கு வரும் நேரமும் புறப்படும் நேரமும் ஒரே ஊரின் கடிகாரம் என்பதால் நேரடியாகவே கழிக்கலாம்.

துபாய் வழியாக லண்டன் செல்வதாக வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து 02:00, யூடிசியில் முந்தைய நாள் 18:00. லண்டன் வருகை குளிர்காலத்தில் 11:35. மொத்தம் 17 மணி 35 நிமிடம். துபாயில் 05:15-க்கு இறங்கி 07:45-க்குப் புறப்பட்டால், காத்திருப்பு 2 மணி 30 நிமிடம்.

தூரத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கேஎல்ஐஏ–துபாய் ஏறத்தாழ 5,550, துபாய்–ஹீத்ரோ ஏறத்தாழ 5,500. மொத்தம் 11,050 கிலோமீட்டர். நேர்வழியைவிட 450 கிலோமீட்டர்தான் அதிகம். துபாய் பெருவட்டப் பாதைக்கு வெகு தொலைவில் இல்லாததே காரணம். ஆயினும் பயணம் மூன்று மணி நேரத்திற்கும் மேல் நீள்கிறது. இரண்டு முறை ஏறி இறங்குவதும் இடையில் காத்திருப்பதும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. இடைமாற்றப் பயணத்தைத் தூரத்தை வைத்து மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பினாங்குவாசிகளுக்குத் தனியாக ஒரு சொல். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து சென்னை 2,365 கிலோமீட்டர். சிப்பாங்கிலிருந்து போவதைவிட அது அருகில். கோலாலம்பூர் வழியாகப் போனால் முதலில் தென்கிழக்கே 325 கிலோமீட்டர் வந்து, பிறகு 2,630 கிலோமீட்டர் பறக்க வேண்டும், மொத்தம் 2,955. ஏறத்தாழ 590 கிலோமீட்டர் அதிகம். கட்டணம் குறைவு என்று இந்த வழியை எடுப்பவர்கள், கோலாலம்பூரில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

இரண்டும் ஒரே சீட்டா தனித்தனிச் சீட்டுகளா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். தனித்தனியாக எடுத்திருந்தால், வழக்கமாகப் பெட்டியை நீங்களே எடுத்து மீண்டும் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோர் குடிநுழைவுச் சோதனையையும் கடக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. கேஎல்ஐஏவின் முதல் முனையத்திலிருந்து இரண்டாம் முனையத்திற்கு இரயிலில் மூன்று நிமிடம்தான். ஆனால் பெட்டிக்குக் காத்திருப்பதும் நடைமேடைக்கு நடப்பதும் சேர்ந்தால் அது மூன்று நிமிட வேலையாக இருப்பதில்லை. தனித்தனிச் சீட்டுகளுக்கு இடையே நான்கு மணி நேரத்திற்குக் குறைவாக நான் யாருக்கும் எடுத்துத் தருவதில்லை.

7. வாசலிலிருந்து வாசல் வரை

முதியவர்கள், குழந்தைகள், மருந்து எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு உண்மையில் தேவைப்படும் எண் இதுதான். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து லண்டன் ஈஸ்ட் ஹாமில் உள்ள உறவினர் வீட்டுக்குச் செல்வதாகக் கொள்வோம்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் இரயில் முதல் முனையத்திற்கு 28 நிமிடத்திலும், இரண்டாம் முனையத்திற்கு 33 நிமிடத்திலும் செல்கிறது. காரில் போவதானால், வெள்ளிக்கிழமை மாலை நெரிசலுக்கு ஏற்றபடி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பன்னாட்டுப் பயணத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். பல விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பதிவு முகப்பை மூடிவிடுகின்றன. ஆக, 23:30 விமானத்திற்கு வீட்டிலிருந்து 19:30-க்குக் கிளம்ப வேண்டும். அது 4 மணி நேரம். விமானத்தில் 14 மணி 15 நிமிடம். ஹீத்ரோவில் குடிநுழைவும் பெட்டியும் முடிய ஒன்றேகால் மணி, இரயிலில் கிழக்கு லண்டன் செல்ல ஒன்றரை மணி என்று வைத்தால், மேலும் 2 மணி 45 நிமிடம். மொத்தம் 21 மணி நேரம்.

வீட்டு வாசலை அடையும்போது லண்டனில் சனிக்கிழமை 08:30. மலேசியாவில் அதே நாள் 16:30. வெள்ளி 19:30-இலிருந்து சனி 16:30 வரை எண்ணினால் 21 மணி சரியாக வருகிறது. இரு ஊர்களின் நேரத்திலும் விடையை எழுதினால் தவறு உடனே கண்ணில் படும்.

மருந்து வேளைகளை இந்த 21 மணி நேரத்தின் மீது, மலேசியக் கடிகாரப்படி குறித்துக்கொண்டு, போன பிறகு எந்த வேளையிலிருந்து லண்டன் நேரத்திற்கு மாறுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் பயணம் முடியும்வரை எடுக்க முடியாது.

8. விடையைச் சோதித்தல்

கிடைத்த தூரத்தைக் கிடைத்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஹீத்ரோவுக்கு 10,600-ஐ 14.25-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 744 கிலோமீட்டர். சென்னைக்கு 2,630-ஐ 4-ஆல் வகுத்தால் 658. மூன்று மணிக்கு மேற்பட்ட நேரடிப் பயணங்களில் இந்தச் சராசரி பெரும்பாலும் 600-க்கும் 900-க்கும் இடையில் விழும். காற்றின் துணையோடு கிழக்கு நோக்கி வரும் விமானங்களில் மேல் எல்லையை நெருங்கலாம். பினாங்கு–கோலாலம்பூர் போன்ற ஒரு மணி நேரப் பயணத்தில் சராசரி 325 என்று வருவதைக் கண்டு பதற வேண்டாம். குறுகிய பயணத்தில் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

சராசரி ஆயிரத்தைத் தாண்டினால், கடிகாரத்தை மாற்றாமல் கழித்திருக்கிறீர்கள். கிள்ளான் அம்மா நினைத்த ஆறேகால் மணிக்கு 10,600 கிலோமீட்டரை வகுத்தால் மணிக்கு 1,696 வருகிறது. விமானம் பறக்கும் உயரத்தில் ஒலியே மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர்தான் செல்கிறது. சராசரி ஐந்நூறுக்குக் கீழே போனால், கூட்ட வேண்டிய இடத்தில் இருமுறை கூட்டியிருக்கலாம், அல்லது தேதி ஒரு நாள் தள்ளிப் போயிருக்கலாம். சராசரி சரியாக இருந்தும் 4-ஆம் படியின் மதிப்பீட்டோடு இரண்டு மணிக்கு மேல் வேறுபட்டால், பிரிட்டனின் கோடை நேரத்தையோ, சீட்டில் கவனிக்காமல் விட்ட இடைநிறுத்தத்தையோ தேடுங்கள்.

9. எழுதிக் கொடுத்தல்

கணக்குத் தாளைப் பயணியிடம் கொடுக்க வேண்டாம். வீட்டிலிருந்து கிளம்பும் கிழமையும் நேரமும் ஒரு வரி. இறங்கும் நேரம் இரு ஊர்களின் கடிகாரத்திலும் ஒரு வரி. வாசல் முதல் வாசல் வரை மொத்தம் எத்தனை மணி என்பது ஒரு வரி. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கிள்ளான் அம்மாவின் தாளில் நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன்: 'கைப்பையில் மூன்று வேளை மாத்திரை.' அவர் அதைக் கடப்பிதழின் உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, மகளிடம் தொலைபேசியில் நான்கு வரிகளையும் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்தார்.